வயர் துண்டு, பிளக் முள், பழைய பைப்: சின்னச் சின்ன உலோகத்தைச் சேர்த்து விற்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை 11 கிலோ கொண்டு போனேன். ஒரே யூரியா சாக்கில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது: வயர் துண்டு, உடைந்த பிளக், பைப் தலை, வளைந்த ஆணி, மீன் டின், அம்மா தூக்கிப் போட்ட அலுமினியச் சட்டி. கடைக்காரர் சாக்கை அவிழ்க்கக்கூட இல்லை. கயிற்றில் கட்டியிருந்த காந்தத்தைச் சாக்கின் மேல் விட்டார், அது டப்பென்று ஒட்டியது, சிங்களத்தில் "யகட", அதாவது இரும்பு என்றார், 11 கிலோவுக்கும் இரும்பு விலையைப் போட்டார். பஸ் காசு போக மிஞ்சியதில் ஒரு பிளேன்டியும் இரண்டு வடையும் வாங்க முடிந்தது. அந்தச் சாக்குக்குள் எப்படியும் ஒரு கிலோ செம்பும் இரண்டு கிலோ பித்தளையும் இருந்திருக்கும் என்பது பஸ் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்கள் உள்ள அட்டன் பக்கத்தில் வயரிங் வேலை செய்கிறவன். நாலு அங்குல வயர்த் துண்டைக்கூடக் கீழே போட மனம் வராது. அதற்காக வீட்டில் வாங்காத ஏச்சு இல்லை. "காம்பராவுக்குள்ள இரும்புக் கடையா வச்சிருக்க? கால் வைக்க எடமில்ல" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இரண்டாம் தடவை போனபோது வேறொரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதைக் கீழே சொல்கிறேன். மூன்றாம் தடவைதான் காசு சரியாகக் கைக்கு வந்தது. நீங்கள் முதல் தடவையே அந்தக் காசை வாங்கிக்கொள்ளலாம், நான் அலைந்த அலைச்சல் போதும்.

1. சேர்ப்பதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்

விலை வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் ரூபாயில் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அவ்வளவாக மாறாது. பொதுவாக ஒரு கிலோ செம்பின் காசுக்கு 20 கிலோ இரும்பு கொடுக்க வேண்டியிருக்கும். பித்தளை, செம்பு விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அலுமினியம் கிட்டத்தட்டக் கால்வாசி. ஆக, இடம் இல்லாத வீட்டில் எதைச் சேர்ப்பது என்பதற்கு இந்த விகிதமே பதில். ஆணி, மீன் டின், சோடா மூடி எல்லாம் இரும்புத் தகரம். அவற்றை வருசக் கணக்கில் காப்பாற்றி வைத்தால் பாதி துருவாகிவிடும், மீதிக்குப் பஸ் காசும் வராது. "பழைய பத்தர, போத்தல்" என்று கூவிக்கொண்டு வரும் பழைய சாமான்காரரிடம் கையோடு போட்டுவிடுங்கள்.

செம்பு எவ்வளவு சேர்த்தால் ஒரு கிலோ வரும்? வயரின் கனத்தைத் தெரிந்துகொண்டால் சுலபம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஒரு மீட்டருக்கு 9 கிராம். லைட்டுக்கு இழுக்கும் 1/1.13 வயர் அந்தக் கனம்தான், அதில் ஒரு கிலோ செம்புக்கு 110 மீட்டருக்கு மேல் வேண்டும். பிளக்குக்கு இழுக்கும் 7/0.67 வயர் இரண்டரை சதுர மில்லிமீட்டர், அதில் 45 மீட்டர் போதும். நாலு அங்குலத் துண்டுகளாகச் சேர்த்தால் ஏறக்குறைய 450 துண்டு. பயந்துவிடாதீர்கள், பழைய வயரிங்கைக் கழற்றும் ஒரே வீட்டில் நூறு துண்டு கிடைத்துவிடும்.

என் கணக்கு: மூன்றாம் தடவைக்கு 14 மாதம் சேர்த்தேன். செம்பு 4 கிலோ 200, பித்தளை 6 கிலோவுக்குச் சற்று மேல், அலுமினியம் 9 கிலோ. சேர்த்துப் பிரிப்பதற்கு முழுநாள் வேலை எதையும் விடவில்லை, இரவில் நியூஸ் பார்த்துக்கொண்டே செய்ததுதான்.

2. ஒரு காந்தம், ஒரு அரம், ஒரு தராசு

காந்தத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் பின்பக்கம் இருக்கும் வட்டக் காந்தமே போதும். அதை ஒரு சொப்பிங் பேக்குக்குள் போட்டுப் பயன்படுத்துங்கள். இதை எனக்கு ஒரு ஸ்டோர் பிட்டர், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர், சொல்லித் தந்தார், அதுவரை காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பேக்கோடு தூளின் மேல் ஓட்டினால் இரும்பெல்லாம் பேக்கின் வெளிப்பக்கம் ஒட்டும். குப்பை வாளிக்கு மேலே கொண்டு போய் உள்ளே இருக்கும் காந்தத்தை மட்டும் உருவினால் அத்தனையும் கொட்டிவிடும். பித்தளையை அரத்தால் ராவும்போது கீழே ஒரு தட்டை வைத்து, தூளை இப்படி மூன்று தரம் ஓட்டி இரும்பைப் பிரித்துவிட்டால் அந்தத் தூளும் விலை போகும். ஆமாம், தூளையும் விற்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அரம் எதற்கு என்றால், மேல் பூச்சை நம்பக் கூடாது என்பதற்கு. தராசு, சமையலுக்குப் பாவிக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று. இரண்டும் இல்லாமல் கடைக்குப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான்.

3. பிரிப்பது: ஏமாறும் இடமெல்லாம் இங்கேதான்

நாலு வாளி போதும். பெயின்ட் வாளி மூடியோடு கிடைத்தால் நல்லது. ஒன்றில் செம்பு, ஒன்றில் பித்தளை, ஒன்றில் அலுமினியம், நாலாவதில் "தெரியாது". இந்த நாலாவது வாளி முக்கியம். சந்தேகமான ஒன்றை அவசரப்பட்டுப் பித்தளை வாளியில் போட்டு, கடையில் அந்த ஒன்று முதலாளி கண்ணில் பட்டால், வாளி முழுவதற்கும் விலையைக் குறைப்பார்.

காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் நல்ல சாமான் என்று நினைத்துக்கொண்டால் பாதிதான் சரி. சில்வர் கரண்டி, சில்வர் தட்டு பலது காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அதுவும் இரும்புச் சாதிதான், அதற்குத் தனி விலை. மறுபக்கம், செம்பு நிறத்தில் பளபளவென்று இருப்பதெல்லாம் செம்பு இல்லை. மண்ணில் அடிக்கும் எர்த் ராட்டைப் பாருங்கள், வெளியே செம்புப் பூச்சு, உள்ளே இரும்பு. காந்தம் வைத்தால் உடனே பிடிக்கும். டிவி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளும் அப்படித்தான். நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கூரைக்குக் கூரை டிஷ் இருக்கிறது, கழற்றிப் போட்ட கேபிள் மலை மலையாகக் கிடைக்கும், நான் இரண்டு இரவு உட்கார்ந்து 30 மீட்டர் உரித்தேன். நடுக் கம்பி பலதில் செம்பு பூசிய இரும்பு, சுற்றியிருக்கும் வலை அலுமினியம். உரிப்பதற்கு முன்னால் நுனியில் காந்தம் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நித்திரை மிச்சம்.

மலிவான ஸ்பீக்கர் வயரிலும் சில ஃபேன் மோட்டர் சுருளிலும் இன்னொரு தந்திரம்: அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு, அல்லது செம்பு நிற வார்னிஷ். இதைக் காந்தம் காட்டிக் கொடுக்காது. பிளேடால் சுரண்டுங்கள், வெள்ளையாக வந்தால் அலுமினியம். கையில் எடுத்தாலே தெரியும், ஒரே அளவு செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம்.

பித்தளைக்கு நான் முதலில் தேடுவது பழைய உருண்டை முள் பிளக். இப்போது எல்லாரும் 13 அம்பியர் சதுர முள்ளுக்கு மாறுகிறார்கள், வீடு வீடாகப் பழைய 5 அம்பியர், 15 அம்பியர் பிளக்குகளைக் கழற்றி வீசுகிறார்கள். 15 அம்பியர் பிளக் ஒன்றின் மூன்று முள்ளும் என் தராசில் 40 கிராமைச் சுற்றி நிற்கிறது. 25 பிளக் என்றால் ஒரு கிலோ. நடு ஆணியைக் கழற்றி மூடியைத் திறந்தால் முள் தானாக வந்துவிடும், ஆனால் வயரைப் பிடித்திருக்கும் குட்டித் திருகாணியைக் கழற்ற மறக்காதீர்கள். சிலதில் அது இரும்பு. ஒரு முள்ளில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கடுகளவு இரும்பு காந்தத்தை இழுத்ததால் எனக்கு அரைக் கிலோ பித்தளையை முதலாளி ஒதுக்கித் தள்ளினார். மலிவுப் பிளக்கில் முள்ளே இரும்பாக இருக்கும், மேலே மஞ்சள் பூச்சு மட்டும். காந்தம் பார்க்காமல் வாளியில் போடாதீர்கள்.

தண்ணீர் திறந்து மூடும் பைப்பில் இரண்டு வகை. பழைய கனமான பைப் பித்தளை. வெள்ளிபோல மினுங்கும் புதுப் பைப்களில் பல துத்தநாகக் கலவை, விலை குறைவு. அரத்தால் ஒரு மூலையை ராவுங்கள், உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறம் தெரிந்தால் நாலாவது வாளி.

அலுமினியத்தில் பெரிய சிக்கல் இல்லை. பானக் கேன் ஒரு கிலோவுக்கு 70 வரை தேவைப்படும், காலால் மிதித்துத் தட்டையாக்கினால் ஒரு சாக்கில் அடங்கும். எல்ஈடி பல்பின் அடியில் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தைப் பலர் பல்போடு வீசுகிறார்கள். யோகட் மூடியை உருண்டையாக உருட்டி வைப்பேன், ஒரு வருசத்து உருண்டை டென்னிஸ் பந்து அளவுகூட வரவில்லை. அதைச் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன்.

ஒரு விசயம்: தேயிலைச் செடியை வெட்டித் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அது நல்ல எஃகு. கொல்லரிடம் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு நல்ல கத்தி கிடைக்கும்.

4. வயரை உரிப்பது, எரிக்காமல்

எரித்தால் பத்து நிமிசத்தில் முடிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வயர் பிளாஸ்டிக் எரியும்போது வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும், அதில் அமில ஆவியும் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் இருக்கின்றன. லயத்தில் ஒரு வீட்டுப் புகை பத்து வீட்டுக்கும் போகும். அதோடு எரித்த செம்பு கறுத்துப் போகும், கடையில் அதற்கு இரண்டாம் தர விலைதான்.

ஒரு பலகைத் துண்டில் இரண்டு ஆணியை வயர் நுழையும் இடைவெளியில் அடியுங்கள். அவற்றுக்கு நடுவே பேப்பர் வெட்டும் பிளேடைச் சாய்வாக வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். பிளேடின் முனைக்கும் பலகைக்கும் இடையில் செம்பும் அதன் அடித்தோலும் மட்டும் போகிற இடம் இருக்க வேண்டும். வயரின் நுனியை அதற்கடியில் கொடுத்துக் குறட்டால் மறுபக்கம் இழுத்தால், தோல் நீளவாக்கில் பிளந்துகொண்டே வரும். வயரை இழுக்க வேண்டும், பிளேடை அசைக்கக் கூடாது. கையுறை போடுங்கள். நான் போடாமல் செய்து பெருவிரலில் மூன்று தையல், ஒரு டெட்டனஸ் ஊசி.

மூன்று விரல் நீளத்துக்குக் குறைந்த துண்டுகளை உரிக்க மினக்கெடாதீர்கள். அவற்றை உரிக்காமலே தனிப் பையில் போட்டு "தோலோடு வயர்" என்று விற்கலாம். அந்த விலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒரு சின்னச் சோதனை: கட்டி வயரில் 100 கிராம் எடுத்து உரித்துச் செம்பை மட்டும் நிறுங்கள். எனக்கு 65 கிராம் வரை நிற்கும். சுத்தச் செம்பு விலையில் அந்தப் பங்கைவிட ரொம்பக் கீழே சொன்னால், உரித்துக் கொண்டு வருவதே நல்லது.

5. தொடவே கூடாதவை

கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள், உள்ளே அமிலம், ஈயத் தூள் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பேட்டரியை முழுசாகவே விற்கலாம், புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதற்குக் கழித்துத் தருவார்கள். டியூப் லைட், சுருள் பல்பு இரண்டிலும் பாதரசம் இருக்கிறது, மூடித் தகட்டுக்காக உடைக்காதீர்கள். பிரிட்ஜின் செம்புக் குழாயை நீங்களே வெட்டாதீர்கள். ஸ்ப்ரே டின்னை நெருப்புப் பக்கம் வைக்காதீர்கள். பித்தளையை வீட்டு அடுப்பில் உருக்கிக் கட்டியாக்கலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. அதிலிருந்து கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும், கட்டியாகக் கொண்டு போனால் உள்ளே என்ன கலந்திருக்கிறதோ என்று கடையிலும் நம்பமாட்டார்கள்.

6. மழைக்காலமும் வாளிகளும்

மேமாதத்திலிருந்து செப்டம்பர் வரை அட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் எதுவும் காயாது. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், வைத்த சாக்கு கீழே ஈரம் இழுத்து இற்றுப்போய், தூக்கும்போது அப்படியே பிய்ந்து கொட்டும். வாளியை இரண்டு செங்கல் மேல் வையுங்கள், மூடியைப் போடுங்கள். பித்தளையில் பச்சை பிடித்தால் பரவாயில்லை, துடைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கனத்தைப் பாருங்கள்: ஒரு லீற்றர் டப்பாவில் செம்புத் துண்டு நிறைந்தால் இரண்டு, மூன்று கிலோ வந்துவிடும், பத்து லீற்றர் வாளியை நிரப்பிவிட்டுத் தூக்க முடியாமல் நிற்காதீர்கள்.

7. கடிதங்கள்: என்னைத் திருப்பி அனுப்பியது இதுதான்

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் அழகாகப் பிரித்து, செம்பைப் பளபளவென்று உரித்துக் கொண்டு போனேன். அதுவே வினையாகிவிட்டது. முதலாளி ஒரு பிடியை எடுத்துப் பார்த்தார். "தம்பி, இது எந்த லைன்ல வெட்டினது?" என்றார். நான் வயரிங் பாஸ் என்று சொன்னேன். "அப்ப வீட்டுக்காரர் கடிதம் கொண்டாங்க" என்று வாளியை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் செய்தது சரி. 2022இல் ரூபாய் விழுந்து செம்பு விலை எகிறியதிலிருந்து வயர், பைப், தண்ணீர் மீட்டர் என்று எல்லாம் களவு போகிறது. திருட்டுச் சாமானை வாங்கினவருக்கும் வழக்கு உண்டு.

கொண்டு போக வேண்டியவை:

தேசிய அடையாள அட்டை, கூடவே ஒரு போட்டோ கொப்பி. கொப்பியைக் கடையில் வைத்துக்கொள்வார்கள், அதன் குறுக்கே "பழைய உலோகம் விற்பதற்கு மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

வேலை செய்த வீட்டுக்காரரின் கடிதம். வேலை முடிந்து காசு வாங்கும்போதே வாங்கிவிடுங்கள், பிறகு போனால் நாளைக்கு வா என்பார்கள். இரண்டு வரி போதும்: "இன்ன திகதியில் என் வீட்டு வயரிங்கை மாற்றியபோது கழற்றிய பழைய வயரையும் பிளக்குகளையும் இவர் எடுத்துச் செல்லச் சம்மதித்தேன்." கீழே பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம். சிங்களத்திலும் எழுதி வாங்கினால் வழியில் பொலிஸ் நிறுத்தினாலும் உதவும். செலவு ஒரு தாள்தான்.

தோட்டத்துச் சாமான் என்றால் இது போதாது. லயத்துக் கூரைத் தகரம், தண்ணீர்ப் பைப், ஸ்டோரில் கழித்துப் போட்ட ரோலர் பித்தளை, கொழுந்து இறக்கிய பழைய கம்பி, எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம், பத்து வருசம் பற்றைக்குள் கிடந்தாலும் சரி. குப்பையில் கிடந்தது என்ற பேச்சு எடுபடாது. தோட்ட ஆபீஸ் கடிதம் வேண்டும். எனக்கு 9 நாள் ஆனது. சம்பள நாளிலும் அட்வான்ஸ் நாளிலும் போகாதீர்கள், கிளாக்கர் தலை நிமிரமாட்டார். என்ன சாமான், எத்தனை கிலோ என்று நீங்களே எழுதிக் கொண்டு போய் ஒப்பம் மட்டும் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

ரயில் பாதையில் கிடக்கும் ஆணி, தட்டு, மின்சார சபைக் கம்பி, டெலிபோன் வயர், இவற்றுக்குக் கடிதமே கிடையாது, தொடாதீர்கள். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் தண்டவாளத்தில் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஓர் ஆணியைப் பொறுக்கி வந்து உங்கள் வாளியில் போட்டுவிடலாம், கடைக்குப் போகும் முன் ஒரு தரம் கொட்டிப் பாருங்கள். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் மாட்டினால் பிணை எடுப்பதே பெரும்பாடு.

8. எப்போது, எந்தக் கடைக்கு

வருசத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு. எங்கள் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வசதி, மழை குறைவு. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருசக் கடைசியில்தான் பெரிய மழை என்பதால் அங்கே உள்ளவர்கள் ஜூன், ஜூலையில் போகலாம்.

போகும் முன் மூன்று கடைக்குப் போன் பண்ணுங்கள். "பழைய இரும்பு என்ன விலை?" என்று கேட்டால் இரும்பு விலையைச் சொல்லி வைத்துவிடுவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள்: சிங்களத்தில் தம்ப என்றால் செம்பு, பித்தல என்றால் பித்தளை, ஈயம் இரண்டு பாசையிலும் ஈயம்தான். உரித்த செம்பு, தோலோடு வயர், இரண்டுக்கும் விலை கேளுங்கள். பெரும்பாலும் நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி என்று கீழே இறங்க இறங்க விலை கொஞ்சம் கூடும், ஆனால் பஸ் காசும் கூடும், சாக்குக்குக் கண்டக்டர் தனியாகக் கேட்பார். வித்தியாசம் கிலோவுக்கு எவ்வளவு, உங்களிடம் எத்தனை கிலோ என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிறகொரு தடவை நாலு கிலோ செம்புக்காகக் கண்டிவரை போனது எனக்கு நஷ்டம்தான், ஒரு நாள் வேலையும் போனது.

பிரதேச சபை அல்லது நகர சபை உரிமம் மாட்டியிருக்கும் கடைக்கே போங்கள்.

9. தராசுக்கு முன்னால்

வீட்டிலேயே ஒவ்வொரு பையையும் நிறுத்து, பையின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். கடைத் தராசைச் சோதிக்கச் சத்தமில்லாத வழி ஒன்று இருக்கிறது: ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வீட்டில் நிறுத்துப் பார்த்துக் கையோடு கொண்டு போங்கள், ஒரு கிலோவும் போத்தலின் கனமும் இருக்கும். "முதலாளி, இதைக் கொஞ்சம் வைக்கிறேன்" என்று தட்டில் வைத்தால் போதும், சண்டை வேண்டாம். அளவீட்டு அலகுகள் திணைக்களத்து முத்திரை தராசில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செம்பை முதலில் கொடுங்கள், இரும்பைக் கடைசியில். செம்பின் விலை பேசி முடியாமல் மற்றச் சாக்கை அவிழ்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தவுடன் கனத்தையும் விலையையும் துண்டில் எழுதச் சொல்லுங்கள், கடைசியில் மொத்தமாகக் கூட்டிச் சொல்லும் கணக்கு அவருக்கு மட்டும்தான் விளங்கும். சாக்கின் கனம் என்று அரைக் கிலோ கழிப்பார்கள். வெறும் யூரியா சாக்கு 100, 150 கிராம்தான் இருக்கும், கொட்டிவிட்டு வெறுஞ்சாக்கைத் தட்டில் வைத்துக் காட்டுங்கள். அப்புறம் அந்தச் சாக்கையும் வாளிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.